கதிரவன் எறியும் கவண்கற்கள்

"சூரியனை ஆராய விண்கலம் எதற்கு? அந்தப் பணத்தில் நாலு கிணறு வெட்டலாமே!" என்று நம் சங்கத்து நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். கிணறு வேண்டாம் என்பவன் நானல்லன். ஆயினும் அந்தச் செலவு வீண் என்பதை நான் ஒப்பவில்லை.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில், காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவிகள் திடீரென மிகுதியைக் காட்டின. அவை சூரியனிலிருந்து வந்த துகள்களாக இருக்கலாம் என 1946இல் எழுதினார் ஸ்காட் ஃபோர்புஷ் என்ற அமெரிக்கர். அத்துகள்களை ஒளிவேகத்தை நெருங்குமாறு வீசும் கவண் எது? சூரியனில் முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது வெளிப்படும் ஆற்றல் ஒன்று. மற்றொன்று, வெடித்துக் கிளம்பும் பிளாஸ்மாத் திரள். வினாடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாயும் அதன் முன்னே அதிர்ச்சி அலை எழுகிறது. நெருங்கி வரும் இரு சுவர்களிடையே அகப்பட்ட பந்து, மோதுந்தோறும் வேகம் பெறுமல்லவா? அவ்வலையின் இருபுறமும் உள்ள காந்தப்புலங்களே அச்சுவர்கள், புரோட்டானே பந்து.

எந்த வெடிப்பில் எதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் வழக்கு. பதினைந்து கோடி கிலோமீட்டர் கடந்து நம்மை அடைவதற்குள் துகள்கள் சிதறிக் கலந்துவிடுகின்றன. சந்தையில் கலந்துவிட்ட நெல்லைக் கொண்டு வயலைச் சொல்ல முடியுமா? எனவே வயலுக்கே போக வேண்டும். 2018இல் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலம், 2022 செப்டம்பரில் அத்தகைய வெடிப்பொன்றின் ஊடே புகுந்து வந்தது. 2024 டிசம்பரில் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கியது. (பார்க்கரின் 1958ஆம் ஆண்டுக் கட்டுரையை மதிப்பீட்டாளர் இருவர் தள்ளியும் துணிந்து வெளியிட்ட ஆசிரியர் நம் சந்திரசேகர். அவரைச் சொல்லி மார்தட்டுவோர் இதையும் நினைக்கட்டும்.) நம் ஆதித்யா-எல்1 சூரியனை நோக்கிய தொலைவில் நூற்றில் ஒரு பங்கே சென்றுள்ளது. எனினும் வெடிப்பைப் படம்பிடித்தல், வரும் துகள்களை எண்ணுதல் என்ற இரண்டையும் அதுவே செய்கிறது.

இதனால் பயன் என்ன? 1972 ஆகஸ்டில் சூரியன் கடுமையாகச் சீறியது. ஏப்ரலில் அப்பல்லோ 16 சென்று திரும்பியிருந்தது. அப்பல்லோ 17 கிளம்பியது டிசம்பரில். இடையில் நிலவில் எவரும் இல்லாதது நற்பேறு. 2040க்குள் இந்தியரை நிலவில் இறக்குவதாகச் சொல்லியிருக்கிறோம். வெடிப்பின் ஒளி எட்டு நிமிடங்களில் வந்துவிடும். மிக விரைந்த துகள்கள் அதற்குச் சில நிமிடங்களே பிந்துவதும் உண்டு. வெடிப்பைக் கண்டபின் ஓடி ஒளிய அவகாசம் போதாது. எந்த வெடிப்பு கவணாகும் என்று முன்கூட்டி அறிய வேண்டும். அதற்குக் கவண் இயங்கும் விதம் தெரிந்தாக வேண்டும்.

ஆதித்யாவின் அளவீடுகளை இஸ்ரோ பொதுவில் வைத்துள்ளது. நம் சங்கத்தில் இயற்பியல் பயில்வோர் சிலரேனும் சேர்ந்தால், அவற்றைக் கூடிப் படிக்க நான் ஆயத்தம்.