கூலியும் இல்லை, கல்வியும் இல்லை

நான் மாணவி என்றால் எனக்குக் கற்றுக்கொடுங்கள். வேலைக்காரி என்றால் எனக்குக் கூலி கொடுங்கள். இரண்டில் ஒன்றையாவது செய்யுங்கள் என்றுதானே கேட்டேன்? இது பேராசையா? ஒரு செமஸ்டர் முழுக்க இரண்டையும் தராமல் உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு கையெழுத்துக்காகக் கெஞ்ச வைத்தார்களே, அதைத் தட்டிக் கேட்க இந்த ஊரில் நாதியே இல்லையா?

தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியில் பி.ஆர்க் படிக்கிறேன். ஐந்து வருஷப் படிப்பு. நாலாம் வருஷத்தில் ஒரு செமஸ்டருக்கு வகுப்பு கிடையாது. ஏதாவது ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் சேர்ந்து தொழில் பழக வேண்டும். அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. தாளில் போட்ட கோடு சுவராக எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர் கட்டடக் கலைஞர் ஆக முடியாது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முங்கின. எங்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். வீட்டை எங்கே கட்ட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் விழுந்தது. அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.

என்ன கிடைத்தது? அலுவலகத்தில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்: “ஸ்டைபெண்ட் எல்லாம் கிடையாதும்மா. எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்குதுல்ல?” சொந்த லேப்டாப் கொண்டுவர வேண்டும். காலையில் போனால் எப்போது விடுவார்கள் என்று தெரியாது. கிளையன்ட் மீட்டிங் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். வேலை என்ன தெரியுமா? கதவு ஜன்னல் அட்டவணை போடுவது, டைல்ஸ் லேஅவுட் போடுவது, பாத்ரூம் வரைபடத்தை மாற்றி மாற்றி வரைவது, அனுமதிக்குப் போகும் பிளானில் பரப்பளவுக் கணக்கைத் தட்டுவது. நான் வரைந்த பிளானுக்கு கிளையன்டிடம் பணம் வாங்கினார்கள். அதை நான் வரைந்தேன் என்று சொல்லிக்கொள்ளவோ, என் போர்ட்ஃபோலியோவில் ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளவோ அனுமதி இல்லை.

இன்னொரு பக்கம் கல்லூரி. நான் உள்ளே காலே வைக்காத அந்த செமஸ்டருக்கும் முழுக் கட்டணம். ஆய்வுக்கூடம், நூலகம் என்று அதில் எல்லாமே உண்டு. இத்தனையும் வாங்கிக்கொண்டு, நான் என்ன கற்கிறேன் என்று பார்க்க ஓர் ஆசிரியர் வந்தாரா? ஒரு போன் வந்ததா? இல்லை. செமஸ்டர் முடிந்ததும் சான்றிதழ் எங்கே என்று மட்டும் கேட்டார்கள். அந்தச் சான்றிதழைத் தர வேண்டியவர் யார்? சம்பளமில்லாமல் என்னை வேலை வாங்கியவர்தான். அப்புறம் நான் எப்படி வாய் திறப்பேன்?

என் அம்மா தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் தையல் வேலைக்குப் போகிறவர். ரயில் பாஸுக்கும் பிரின்ட் எடுக்கவும் நான் கை நீட்டியபோது அவர் கேட்டார்: “வேலைக்குப் போறவ காசு கொண்டாருவா. நீ ஏன்டி எங்கிட்ட காசு வாங்கிட்டு வேலைக்குப் போற?” கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். படித்தவர்கள் நடத்தும் இந்த அநியாயத்தைப் படிக்காத அந்த மனுஷிக்கு எப்படி விளக்கிச் சொல்வது?

சரி, பணம் போகட்டும், தொழிலாவது பழகலாம் என்று சைட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். “பொண்ணுங்க நிக்க அங்க வசதி இல்லம்மா” என்றார்கள். வசதி என்றால் கழிப்பறை. ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் மூன்று கழிப்பறை வரைகிற அலுவலகம், கட்டுகிற இடத்தில் ஒன்று வைக்கச் சொல்லாதா? கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் வருஷத்துச் சட்டமே வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறை இருக்க வேண்டும் என்று சொன்னது. அதே சைட்டில் காலையிலிருந்து செங்கல் சுமக்கும் சித்தாள் பெண்கள் எங்கே போவார்கள்? எனக்கு வசதி இல்லை என்று என்னைத் தடுத்தவர்கள், அவர்களைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்தார்களா?

கெஞ்சிக் கூத்தாடி, ஊரப்பாக்கம் பக்கம் ஒரு சைட்டுக்கு ஒருமுறை போனேன். ஸ்லாபுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் நோட்டோடு நின்ற என்னைக் கம்பி மேஸ்திரி கூப்பிட்டார். “பாப்பா, இங்க வா. கம்பி பலகையில ஒட்டவே கூடாது. அடியில கவர் பிளாக் வெக்கலேன்னா காங்கிரீட்டு கம்பிய மூடாது. துரு ஏறி, ஊதி, பாளம் பாளமா தலையில கொட்டும்.” பிறகு தூணின் வளையக் கம்பியைக் காட்டினார். அதன் கொக்கியை 90 டிகிரியில் விட்டால் நிலம் குலுங்கும்போது விரிந்துகொள்ளும், 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும் என்று தன் கையாலேயே வளைத்துக் காட்டினார். தூணுக்கு 40 மில்லிமீட்டர் கவர், அடித்தளத்துக்கு 50 மில்லிமீட்டர் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இல் இருப்பதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். ஆனால் அது எதற்காக என்பதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். கட்டணம் வாங்கிய கல்லூரியும் சொல்லித்தரவில்லை, வேலை வாங்கிய அலுவலகமும் சொல்லித்தரவில்லை. என்னிடம் ஒரு பைசா வாங்காத அந்த மேஸ்திரிதான் சொல்லித்தந்தார்.

இதெல்லாம் ஒரு மாணவியின் சொந்தப் புலம்பல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே சரிந்து 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மண்ணையும் கம்பியையும் கான்கிரீட்டையும் சரிபார்க்கத் தெரிந்தவர்கள், பார்க்க வேண்டிய நேரத்தில் பார்ப்பது எத்தனை உயிர்களின் விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்றைக்குப் பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்புகின்றன. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபின் அந்த வேகம் இன்னும் கூடிவிட்டது. நாளை அந்தக் கட்டடங்களுக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு சைட்டையே காட்டாமல் பட்டம் கொடுத்து அனுப்பினால், அங்கே குடியேறப் போகும் குடும்பங்களுக்கு யார் பொறுப்பு?

சட்டத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதி, பட்டதாரிப் பயிற்சியாளருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தது. படிப்புக்கு நடுவே தொழிற்சாலைக்குப் போகும் சாண்ட்விச் பட்டப்படிப்பு மாணவருக்கு 8,000 ரூபாய் என்று வைத்தது. ஆனால் 30 பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் பயிற்சியாளரை எடுப்பது கட்டாயம். எங்களைப் போன்றவர்கள் போகும் அலுவலகங்களில் பத்துப் பேர் இருந்தாலே அதிகம்.

வக்கீல் தொழிலில் ஜூனியர்களுக்கும் இதே கதைதான் இருந்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று வழிவகுத்தது. அவர்கள் படிப்பை முடித்தவர்கள், நான் இன்னும் மாணவி என்பது தெரியும். ஆனால் ஹவுஸ் சர்ஜன்களும் பட்டம் முழுதாகக் கைக்கு வருவதற்கு முன்பே ஸ்டைபெண்ட் வாங்குகிறார்களே? இங்கிலாந்தில் ஆர்க்கிடெக்டுகளின் ராயல் இன்ஸ்டிடியூட், தன் அங்கீகாரம் பெற்ற அலுவலகங்கள் மாணவருக்குக் குறைந்தபட்சக் கூலியாவது தர வேண்டும் என்று 2011-இலேயே விதி போட்டது. 2019-இல் லண்டன் செர்பன்டைன் காலரியின் கோடைக்கால மண்டபத்தை வடிவமைத்த ஜப்பானிய ஆர்க்கிடெக்ட் ஜூன்யா இஷிகாமி, சம்பளமில்லாப் பயிற்சியாளர்களை வைத்திருந்தது வெளியே தெரிந்து, அந்த வேலையில் ஈடுபடும் அத்தனை பேருக்கும் சம்பளம் தர வேண்டும் என்று காலரி கறாராகச் சொல்லிவிட்டது. அங்கே முடிகிறது, இங்கே மட்டும் ஏன் முடியவில்லை?

“நாங்களும் இப்படித்தான் வந்தோம்” என்கிறார்கள் மூத்தவர்கள். நீங்கள் பட்ட கஷ்டம் உங்களுக்கு வலித்திருந்தால் அடுத்தவருக்கு அதைக் கொடுப்பீர்களா? “சின்ன ஆபீஸ், கட்டுப்படியாகாது” என்கிறார்கள். சின்ன ஆபீஸின் மின்கட்டணம் கட்டுப்படியாகிறது, வாடகை கட்டுப்படியாகிறது, நான் வரைந்த பிளானுக்கான பணமும் வந்துசேர்கிறது. என் பஸ் காசு மட்டும் கட்டுப்படியாகாதா? ஸ்டைபெண்டும் கொடுத்து, சைட்டுக்கும் அழைத்துப்போய், பிழையைத் திருத்திச் சொல்லித்தரும் அலுவலகங்கள் இதே சென்னையில் இருக்கின்றன. அங்கே போன என் தோழிகள் ஆறு மாசத்தில் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று கண்ணால் பார்த்தேன். ஆகவே முடியாது என்று சொல்லாதீர்கள். மனமில்லை என்று சொல்லுங்கள்.

இந்தச் சுமை எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி ஏறவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அப்பாவின் பணத்தில் தனியாக ரூம் எடுத்து, பெரிய பெயருள்ள அலுவலகத்தில் சும்மாவே வேலை பார்த்துவிட்டு வரக்கூடியவர்களுக்கு இது ஒரு படிக்கட்டு. கல்விக் கடனில் படிக்கிறவளுக்கு இதுவே ஒரு சுவர். 1972-ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைத்தான், அந்த வேலையைச் செய்ய மற்றவருக்குத் தடையில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியானால் எங்களுக்கு மிஞ்சுவது தொழில் அறிவு ஒன்றுதான். அதையும் தராமல் வெறும் பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே போவோம்?

கல்லூரிகளையும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலையும் அரசையும் கேட்கிறேன். பயிற்சி செமஸ்டரில் பாதிக் கட்டணத்துக்கு மேல் வாங்காதீர்கள். ஸ்டைபெண்ட் தராத அலுவலகத்துக்கு எந்த மாணவரையும் அனுப்பாதீர்கள். வாரத்தில் இத்தனை நாள் சைட் என்று எழுதி வாங்குங்கள். ஆசிரியர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். எங்கள் மதிப்பெண்ணை எங்களை வேலை வாங்கியவர் கையில் மட்டும் ஒப்படைக்காதீர்கள். எங்களுக்குப் பின்னால் வரும் தங்கச்சிகளும் தம்பிகளும் இதே அலுவலகங்களுக்குத்தான் போகப் போகிறார்கள். எங்களோடு இது ஒழியட்டும். நாங்கள் சலுகை கேட்கவில்லை, செய்த வேலைக்குக் கூலியும் கட்டிய பணத்துக்குக் கல்வியும் கேட்கிறோம். கொடுங்கள்.