திருவட்டாறு தூண்களையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அதியன்னூரிலிருந்து தென்கிழக்கே களியக்காவிளையைத் தாண்டிப் போனால் எட்டும் தூரத்தில் இருக்கிறது திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில். நம்மாழ்வார் பாடிய மலைநாட்டுத் திருப்பதி. 418 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 ஜூலை 6ஆம் தேதி குடமுழுக்கு கண்டது.

கருவறையில் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாள். சாளக்கிராமங்களை வைத்துக் கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் உருவான திருமேனி அது; மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுமையாகத் தரிசிக்க முடியும். பலரும் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சுற்றுப் பிராகாரத் தூண்களில் வரிசையாக விளக்கேந்தி நிற்கும் தீபலட்சுமிகளும், பலிபீட மண்டபத்தில் ஆளுயரம் நிற்கும் வேணுகோபாலன், இலக்குமணன், இந்திரஜித்தும் கேரளக் கூரைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கல்தச்சரின் கைத்திறன் எவ்வளவு இயல்பாகப் பொருந்தியது என்பதற்குச் சாட்சி. இக்கோயிலில் இவையே மிகச் சிறந்தவை.

இச்சிற்பங்களைப் பற்றிப் படங்களோடு தங்கள் இதழ் ஒரு தொடர் வெளியிட வேண்டும்.

— வாசகர், அதியன்னூர்