பழைய ஹெரால்டுக்குப் புது பிளேட் எதற்கு?

வண்டலூர் ஆலையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களில் சில இன்னும் ஓடும் நிலையில் இருக்கின்றன. அறுபது வயதுக் காரை வீட்டு வாசலிலேயே கழற்றிப் பூட்டிப் பழுதுபார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி எழும் ஒரு யோசனையை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் சாலைப் பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் பழைய இரும்பு தாங்காது என்று, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஆர்மின் மேல் ஒரு பிளேட்டை வைத்து வெல்டிங் அடித்துவிடும் யோசனை அது. பெரும்பாலான ஹெரால்டுகளுக்கு இது தேவையில்லை. அரைகுறையாகச் செய்தால் ஆபத்தும்கூட. எது உடைகிறது என்று பார்க்காமல், கண்ணில் படுவதைக் கெட்டியாக்குவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

ஹெரால்டின் முன்பக்கம் எளிமையானது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்; நடுவில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். மேல் ஆர்மின் முனையில் பால் ஜாயின்ட். கீழ் ஆர்மின் முனையில் டிரன்னியன் என்ற வெண்கல உறை. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் மரைபோட்ட கீழ்முனை அந்த உறைக்குள் இறங்கி நிற்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் மரை உள்ளே சுழல்கிறது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விடச் சொன்னார்கள் தயாரிப்பாளர்கள். ஆயில் விடாமல் விட்டாலோ, கிரீஸ் போதும் என்று நினைத்தாலோ, மரையின் அடிவரை மசகு போய்ச் சேராது. தண்ணீர் புகுந்து துரு ஏறும். துரு தின்ற மரையில் கிராக் விழுந்து, வண்டியை நிறுத்த ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்தத் தண்டையும் டிரன்னியனையும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் ஈலான் கார்களும்கூடப் பயன்படுத்தின. அவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். ஆர்மில் எத்தனை பிளேட் அடித்தாலும் இந்த மரையில் ஒரு சொட்டு ஆயில்கூட இறங்கப்போவதில்லை.

பிளேட் போட்டால் ஆர்ம் விறைப்பாகும் என்பது உண்மை. 2 மி.மீ. தடிப்புள்ள 50 மி.மீ. சதுரக் குழாயை நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துவிட்டால், முறுக்குக்கு அது காட்டும் எதிர்ப்பு நானூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அப்படித் திறந்த வாயைப் பிளேட்டால் மூடினால் கணக்கு அப்படியே திரும்பும். ஆனால் ஆர்ம் தனியாக வேலை செய்வதில்லை. சேசிஸிலிருந்து சக்கரம் வரை, ஆர்மைச் சேசிஸோடு இணைக்கும் ரப்பர் புஷ், ஆர்ம், டிரன்னியன், தண்டு என்று விசை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. இந்த வரிசையில் மிக இளக்கமானது எதுவோ அதுதான் மொத்த ஆட்டத்தையும் தீர்மானிக்கிறது. பல ஆண்டு வெயிலிலும் எண்ணெயிலும் நைந்த ரப்பர் புஷ் அங்கே இருக்கும்வரை, இரும்பைக் கெட்டியாக்கியதன் பலன் ஓட்டுபவரின் கைக்கு வந்து சேராது. புது புஷ் மாட்டியவருக்கு அது அன்றே தெரியும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. ஆர்ம் சாதாரண மென் எஃகு. பெரிய அடி விழுந்தால் முதலில் வளையும். வளைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், ஓட்டுபவருக்குத் தகவல் கிடைக்கும். அதை வளையாதபடி செய்துவிட்டால் அதே அடி சேசிஸில் போல்ட் போட்ட பிராக்கெட்டுக்கோ, ஏற்கெனவே துருவேறிய தண்டுக்கோ போகும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். வெல்டிங்கும் தன் பங்குக்கு ஒரு பலவீனத்தைச் சேர்க்கிறது. திரும்பத் திரும்ப விழும் சுமையில் கிராக் பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரத்தில்தான் தொடங்குகிறது. உயர்ரக எஃகைப் பயன்படுத்தினாலும் அந்த இடத்தின் ஆயுள் பெரிதாகக் கூடுவதில்லை. ஆர்மின் விளிம்பில் குறுக்கே இழுத்த ஒரு வெல்டிங் கோடு, இல்லாத இடத்தில் ஒரு கிராக்கை அழைத்து வந்துவிடலாம்.

பந்தயக் கார்களில் ஆர்மைப் பெட்டிபோல் மூடுகிறார்களே என்று கேட்கலாம். மூடுகிறார்கள், அடிக்கடி கழற்றிக் கிராக் இருக்கிறதா என்று சோதிக்கவும் செய்கிறார்கள். நம் வீட்டு ஹெரால்டை மறுபடி கழற்ற எத்தனை ஆண்டாகுமோ! உதிரிபாகம் கிடைக்காததால்தான் பிளேட் போடுகிறோம் என்ற வாதத்துக்கு எடை அதிகம். துருவால் மெலிந்த ஆர்முக்கு மாற்று கிடைக்காதபோது பிளேட் போடுவது நியாயமே. அப்போதும் மெலிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அளவு பிசகாமல் ஜிக்கில் பூட்டி, ரப்பர் புஷ்ஷைக் கழற்றி வைத்து, பழக்கப்பட்ட கை வெல்டிங் அடிக்க வேண்டும். பிளேட்டின் முனைகள் கூம்பி முடிய வேண்டும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். டிரன்னியனிலும் தண்டிலும் வெல்டிங் கூடவே கூடாது. என் கார், என் இஷ்டம் என்பதும் முழுச் சரியல்ல. முன்சக்கரம் மடங்கினால் எதிரே வருபவரும் அடிபடுவார். 50 வயது கடந்த கார்களுக்கு 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதிகளும் வண்டி அதன் மூல வடிவில் இருப்பதைத்தான் எதிர்பார்க்கின்றன.

எனவே வீட்டில் செய்யும் வேலைக்கு ஒரு வரிசை வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, டிரன்னியனைக் கழற்றி மரையைப் பார்க்க வேண்டும். சிவப்புச் சாயத்தை அடித்துத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை ஸ்பிரே செய்தால், கண்ணுக்குத் தெரியாத கிராக்கும் சிவப்புக் கோடாக எழும்பும். இந்த ஸ்பிரே கடையில் கிடைக்கிறது. மரை நன்றாக இருந்தால் ஆயில் விட்டுப் பூட்டலாம், இல்லாவிட்டால் தண்டை மாற்றியே ஆக வேண்டும். புது புஷ் போட்டு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே அதன் போல்ட்டுகளை முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கடைசியாக வீல் அலைன்மென்ட். இத்தனையும் முடித்த பிறகும் ஆர்மில்தான் குறை என்று தெரிந்தால், மாற்று ஆர்ம் தேட வேண்டும். அதுவும் கிடைக்காதபோதுதான் வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும்.