கென்யாவில் பெற்றோருக்கும் ஹோம்வொர்க்: சிபிசி பாடத்திட்டத்தில் என்ன சிக்கல்?

கென்யாவில் 1985 முதல் இருந்த 8-4-4 கல்விமுறையில் மனப்பாடம்தான் ராஜா. 8ஆம் வகுப்புத் தேர்வுக்காகவே பிள்ளைகள் ஓடினார்கள். அதை மாற்ற 2017இல் சோதனை முறையில் வந்ததுதான் சிபிசி.

இதில் பாடத்துக்குப் பாடம் ஒரு தேடல் கேள்வி உண்டு. பிள்ளைகளே பார்த்து, செய்து, விசாரித்துப் பதில் கண்டுபிடிக்கணும். முதல் 3 வகுப்புகளில் அந்தந்தப் பகுதி மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது கொள்கை. ஊர்க் கதையும் விளையாட்டும் பாடமாகலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நைரோபி வகுப்பில் கிகுயு, லுவோ, கம்பா பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தால் எந்த மொழியில் நடத்துவது? ஸ்வாஹிலியும் ஆங்கிலமும்தான் கைகொடுக்கின்றன.

பெற்றோரின் கோபம் வேறு: செய்முறைப் பொருள், பிரின்ட் அவுட் செலவெல்லாம் அவர்கள் தலையில். 2022இல் அதிபர் ரூட்டோ அமைத்த குழு, திட்டத்தைக் கைவிடாமல் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னது.