மகள் கேட்கும் படிப்பு

மனையியல் என்றால் சமையல் படிப்பு என்ற எண்ணம் தலைநகர்த் தமிழர் இல்லங்களில் இன்னும் மறையவில்லை. மகள் குழந்தை வளர்ச்சியும் குடும்ப இயலும் படிக்க வேண்டும் என்கிறாள். தகப்பனார் பி.காம். போதும் என்கிறார்.

தகப்பனாரின் கவலை நியாயமானதே. குமாஸ்தா சம்பளத்தில் மூன்றாண்டுப் படிப்பே பாரம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மனையியலில் உணவு, துணி, குழந்தை எல்லாம் கலந்தே வரும். மனித வளர்ச்சியைத் தனித்துப் படிப்பது முதுநிலையில்தான். ஆக, ஐந்தாண்டுக் கணக்குப் போட்டே இறங்க வேண்டும்.

ஆனால் வீண் படிப்பு என்பது தவறு. 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று நாடெங்கும் அங்கன்வாடிகளாகப் பரவியிருக்கிறது. அங்கே பயிற்சி தரவும், மழலையர் பள்ளிகளை நடத்தவும், வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கு உதவவும் இதைக் கற்றவர்கள் தேவை.

எந்தக் கல்லூரி? சிக்கந்தரா சாலையில் 1932இல் தொடங்கிய லேடி இர்வின் கல்லூரி இருக்கிறது. 1961இல் பிறந்த இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹோம் எகனாமிக்ஸ் ஹவுஸ் காஸில் இருக்கிறது. இரண்டும் பெண்களுக்கானவை. ஊர்ப் பக்கம் என்றால் கோவையில் 1957இல் தோன்றிய அவினாசிலிங்கம் நிறுவனம்.

பழம்பெயரையும் பஸ் வசதியையும் மட்டும் பார்த்து முடிவு செய்வது சரியல்ல. மாணவிகள் குழந்தைகளை நேரில் கவனித்துப் பழக அங்கே மழலையர் பள்ளி உண்டா? களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள்? இவற்றையே முதலில் விசாரிக்க வேண்டும். லேடி இர்வின் வளாகத்தில் அத்தகைய குழந்தைகள் மையம் உண்டு. புத்தகத்தில் மட்டும் குழந்தையைப் பார்த்த பட்டத்தால் என்ன பயன்?

2022 முதல் டெல்லிப் பல்கலைக்கழகச் சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு வழியே நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே அதை எழுத வேண்டும். எனவே பதினோராம் வகுப்பில் பாடம் எடுக்கும்போதே வீட்டில் பேசி முடிப்பது நல்லது.

பாட்டி வீட்டில் தங்கிக் கோவையில் படித்தால் செலவு குறையலாம். ஆனால் டெல்லியில் வளர்ந்த பெண்ணிடம் இரண்டு மொழிகள் இருக்கின்றன. வீட்டில் தமிழ் பேசிவிட்டு, முதல் நாள் இந்தி வகுப்பில் விழித்து நின்ற குழந்தையின் மனம் அவளுக்குத் தெரியும். அந்த அனுபவத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத்தர இயலாது. அதைத் தொழிலாக்க அவளுக்கு ஒரு வாய்ப்புத் தருவது பெற்றோர் கடமை.