மலையேறாத உத்தரவாதம்

ஒரு வியாபாரியின் நாணயத்தை அவன் சரக்கை விற்கும்போது அறிய இயலாது. விற்ற சரக்கு பழுதுபட்டுத் திரும்பி வரும்போதுதான் அறிய இயலும். மலையிலும் காட்டிலும் உபயோகிக்கும் காலணி, முதுகுப்பை, மழையங்கி முதலியவற்றை விற்கும் அமெரிக்கக் கம்பெனிகள் சில இச்சோதனையில் நற்பெயர் பெற்றிருக்கின்றன. அவற்றின் முறையை நமது தேசத்து உற்பத்தியாளர்கள் கவனிக்க வேண்டும். தருமபுரி ஜில்லாவின் சித்தேரி போன்ற மலையூர்களின் நிலையை மனத்திற்கொண்டு கவனிக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

1912-ம் வருஷத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்பவர் ரப்பர் அடியும் தோல் மேற்பாகமும் கொண்ட வேட்டைக் காலணிகளை விற்கத் தொடங்கினார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 ஜோடிகள் தையல் விட்டுத் திரும்பி வந்தன. அவர் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கிக் குறையைச் சீர்திருத்தினார். நஷ்டத்தில் பிறந்த அந்த நம்பிக்கையே அவரது கம்பெனிக்கு மூலதனமாயிற்று. பாட்டகோனியா என்ற மற்றொரு கம்பெனி 2011-ம் வருஷத்தில், தனது சட்டையையே வாங்க வேண்டாமென்று பத்திரிகையில் விளம்பரம் செய்தது. வேண்டாததை வாங்காதீர்கள், இருப்பதைப் பழுது பார்த்து உபயோகியுங்கள் என்பதே அதன் கருத்து. பழுது பார்க்கும் பொறுப்பையும் அக்கம்பெனி ஏற்றுக்கொண்டது.

ஆயினும் தாராளத்துக்கும் எல்லை உண்டு. பல வருஷங்கள் உழைத்துத் தேய்ந்த பொருள்களையும், பிறர் விற்ற பழைய சரக்குகளையும் கொண்டுவந்து பணம் கேட்டவர்கள் பெருகினார்கள். இவ்வாறு வந்த உதவாத சரக்குகளால் ஐந்து வருஷங்களில் 25 கோடி டாலர் செலவாயிற்று என்று பீன் கம்பெனி கணக்குச் சொல்லிற்று. காலவரையறையற்றிருந்த தனது வாக்குறுதியை 2018-ம் வருஷத்தில் அது ஒரு வருஷமாகக் குறைத்தது, ரசீதும் வேண்டுமென்றது. விற்பவன் நாணயம் மட்டும் போதாது, வாங்குபவன் நாணயமும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி நமது நாட்டின் நிலையைப் பார்ப்போம். சித்தேரி மலையில் பெரும்பாலும் வசிப்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் கால்நடையே பலருக்கும் பிரயாணம். பட்டணத்தானுக்கு மலைக்காலணி விடுமுறை நாளின் அலங்காரம். இம்மக்களுக்கோ காலணியும் மழையங்கியும் கைவிளக்கும் பிழைப்புக்கான கருவிகள். அடி பிய்ந்த காலணி ஒரு நாள் கூலியைக் கெடுக்கும். இருட்டில் அணைந்த விளக்கு உயிரையே ஆபத்துக்குள்ளாக்கும்.

உழைக்கும் சரக்கு யாருக்கு மிகவும் வேண்டுமோ அவரை உத்தரவாதம் எட்டுவதே இல்லை. நிபந்தனைகள் ஆங்கிலத்தில் அச்சாகின்றன. பழுது பார்க்கும் நிலையம் பெருநகரத்தில் இருக்கிறது. ரசீது கேட்டால் சந்தைக் கடைக்காரர் சிரிக்கிறார். சரக்கின் விலையைவிடப் போக்குவரத்துச் செலவு மிகுமானால், அந்த வாக்குறுதி வெறும் காகிதமே அன்றி வேறென்ன?

சட்டம் இல்லாமலில்லை. 2020-ம் வருஷத்தில் அமலுக்கு வந்த 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே ஒருவர் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷங்களுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் கூறவும் வசதியுண்டு. பழுது பார்க்கும் உரிமையைக் குறித்து மத்திய சர்க்கார் 2022-ம் வருஷத்தில் ஒரு கமிட்டியை நியமித்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. நடப்பவனின் காலணிக்கு அப்பட்டியலில் தனியிடம் கிடைக்கவில்லை.

ஆகவே நாம் கோருவது இது. உத்தரவாதத்தின் நிபந்தனைகளைத் தமிழில் அச்சிட வேண்டும். அரூரில் விற்ற சரக்கை அரூர்க் கடையே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். காலணியின் அடி, பையின் கொக்கி முதலிய உறுப்புக்கள் தனியே விலைக்குக் கிடைக்க வேண்டும். அவை கிடைத்தால் உள்ளூர்த் தொழிலாளியே பழுதைத் தீர்ப்பார், அவருக்கும் பிழைப்பு உண்டாகும். இவற்றைச் செய்யும் சுதேசி உற்பத்தியாளருக்கு வேறு விளம்பரம் வேண்டியதில்லை.

தேச ஊழியர்களுக்கும் இதில் கடமை உண்டு. ரசீது கேட்கும் வழக்கத்தையும், முறையிடும் தைரியத்தையும், பொய்யாக முறையிடாத நேர்மையையும் மலைமக்களிடையே பரப்புவது அரசியல் வேலையே ஆகும். கொடுத்த வாக்கு அடிவாரத்தில் நின்றுவிடாமல் சித்தேரி மலையிலும் ஏறும் நாளில்தான், நமது வியாபாரம் நாணயமானது என்று நாம் பெருமை பேசலாம்.