முதலில் நிற்கும் தேடுபொறி

2021-இல் மட்டும், கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்பதற்காகப் பிற நிறுவனங்களுக்குக் கூகுள் 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. தேடல் சந்தையில் அது ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தாரே, அந்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது. தரம் மட்டுமே மக்களை இழுக்கிறது என்றால் இவ்வளவு பணம் எதற்கு? வாங்கிய போனில் இருப்பதைப் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. அந்தப் பழக்கத்துக்குத்தான் இந்த விலை.

தேடியதெல்லாம் சேமிக்கப்படுகிறது என்றால், 'மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவரிடம் போகுமுன் நோயின் அறிகுறியையும், வீட்டாரிடம் சொல்லாத கடனையும் நாம் முதலில் சொல்வது தேடுபொறியிடம்தான். டக்டக்கோ என்ற மாற்றுத் தேடுபொறி அந்தத் தேடல்களை ஆளோடு இணைத்துச் சேமிப்பதில்லை என்று உறுதி தருகிறது. தேடிய சொல்லுக்கேற்பவே விளம்பரம் காட்டுகிறது. அதன் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் பிங்கிலிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முடிவுகளே வேறாக வேண்டும் என்போர், இணையப் பக்கங்களைத் தாமே திரட்டும் பிரேவ், மோஜீக் போன்றவற்றைப் பார்க்கலாம். தமிழ்ப் பக்கங்களுக்கும் உள்ளூர்க் கடைகளுக்கும் கூகுளே மேல் என்ற குறை நியாயமானதுதான். அந்தத் தேவைக்கு மட்டும் அங்கே போகலாம். நம் தேடல் அனைத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்க அது காரணமாகாது.